செம்புக் குழாய்க் கசிவு: மேலே பூசினால் நிற்காது

கேள்வி: வீட்டில் செம்புத் தண்ணீர்க் குழாயின் எல்போ ஜாயின்ட்டில் (குழாய் திரும்பும் வளைவு இணைப்பில்) சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. வால்வை மூடிவிட்டு, கேஸ் டார்ச்சால் சூடாக்கி அதன் மேலேயே சால்டர் (உருக்கி ஒட்டவைக்கும் உலோகக் கம்பி) வைத்தேன். உருண்டு உருண்டு கீழே விழுகிறது, ஒட்டவில்லை. என்ன தவறு?

பதில்: குழாய்க்குள் இன்னும் தண்ணீர் நிற்கிறது, அதுதான் காரணம். எனக்கும் முதல் தடவை இதேதான் நடந்தது. அரை மணி நேரம் தீ காட்டியும் ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்க முதலில் தடவும் பசை) கருகியதுதான் மிச்சம். உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தாலும், அது ஆவியாகித் தீரும்வரை செம்பு 100 டிகிரியைத் தாண்டவே திணறும். காரீயம் இல்லாத சால்டர் உருகவோ 220 டிகிரிக்கு மேல் வேண்டும். தீ நேராகப் பட்டுச் சால்டர் உருகுகிறது. சூடேறாத செம்பு அதை ஏற்பதில்லை.

அதனால் வால்வை மூடியபின் வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். காற்று உள்ளே போக, மேலே உள்ள ஒன்றையும் திறந்து வையுங்கள். வேலை முடியும்வரை மூடாதீர்கள். நீராவிக்கு வழி இல்லாவிட்டால் இளகிய சால்டரை அதுவே துளைத்துக்கொண்டு வெளியேறும்.

அப்புறம், பழைய ஜாயின்ட்டின் மேல் பூசுவதை விட்டுவிடுங்கள். குழாய்க்கும் எல்போவுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளிக்குள் சால்டர் இழுபட்டுப் போனால்தான் அடைபடும். உள்ளே களிம்பு இருந்தால் போகாது. சூடாக்கிக் கழற்றுங்கள். எல்போ புதிதாகவே இருக்கட்டும். குழாயின் முனையை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேயுங்கள்; தேய்த்த இடத்தில் விரல் படக்கூடாது. இரண்டு பக்கமும் மெல்லிசாக ஃபிளக்ஸ் தடவிச் செருகுங்கள். தீயை எல்போவின் மேல் காட்டி, எதிர்ப்பக்கத்தில் சால்டரைத் தொட்டுப் பாருங்கள். செம்பின் சூட்டிலேயே உருகினால் பதம் சரி. தீயை விலக்கிவிட்டு ஊட்டுங்கள், சுற்றிலும் தானே ஓடிவிடும். அரை அங்குலக் குழாய்க்கு அரை அங்குல நீளச் சால்டர் போதும். ஆறும்வரை அசைக்காதீர்கள்.

ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் நஞ்சு. குடிக்கிற தண்ணீர் போகும் குழாயில் காரீயம் கலந்த சால்டர் கூடவே கூடாது.

பின்னால் மரம் இருந்தால் தீத்தடுப்புத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். மரத்துக்குள் கனல் புகையில்லாமலே உட்கார்ந்திருக்கும்.