சொல்லும் பொருளும்: உப்புக் கொட்டாரம்

கேள்வி: எங்கள் குடும்பம் சூளையில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தி வருகிறது. சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் போகும் வழியில் உள்ள சரக்கு ரயில் முனையத்தை நாங்கள் ‘சால்ட் கோட்டார்ஸ்’ என்று சொல்லிப் பழகியவர்கள். இப்போது ரசீதுகளில் சிலர் ‘சால்ட் குவார்ட்டர்ஸ்’ என்று எழுதி, உப்பு இலாகா ஊழியர்கள் குடியிருந்த இடம் என்று விளக்கமும் சொல்கிறார்கள். என் தாத்தாவோ அதை ‘உப்புக் கொட்டாரம்’ என்பார். எது சரி? கொட்டாரம் என்ற சொல்லை இன்றைய கிடங்குகளுக்கும் பயன்படுத்தலாமா?
(வாசகர், சூளை)

பதில்: தங்கள் தாத்தா சொன்னதே சரி. கொட்டாரம் என்பது சரக்கைக் கொட்டிச் சேமித்து, கணக்கோடு வெளியே விடும் இடம். அந்தச் சொல்லை ஆங்கிலேய அதிகாரிகள் ‘கோட்டார்’ என்று எழுதி, ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்ததால் தங்கள் மொழியின் பன்மை விகுதியாகிய ‘ஸ்’ என்பதையும் சேர்த்தார்கள். தெலுங்கில் இதே சொல் ‘கொட்டாரு’ என்று வழங்குவதையும், பழைய சென்னையின் வடபகுதியில் தெலுங்கு பேசும் வணிகர்கள் நிறைந்திருந்ததையும் எண்ணிப் பார்த்தால், கோட்டார் என்ற ஒலி எப்படி வந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும். குவார்ட்டர்ஸ் என்பது, கோட்டார் என்ற சொல்லின் பொருள் மறைந்த பிறகு, காதுக்குத் தெரிந்த வேறொரு சொல்லைக் கொண்டு ஒட்டுப் போட்டதால் வந்த வடிவமே.

உப்பை அந்த இடத்தில் ஏன் சேமித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை ஆனது. விளைவிப்பவர் விளைந்த உப்பை அரசுக்கே கொடுக்க வேண்டும். வணிகர் அரசிடம் பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும். சென்னைக்கு வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளில் உப்பளங்கள் இருந்தன. 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டுவித்த கால்வாய்தான் பிற்காலத்தில் இரு திசையிலும் நீட்டப்பட்டுப் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. உப்பு ஏற்றிய படகுகள் அந்த நீர்வழியாக நகரத்தின் வாசல்வரை வந்தன. படகுகள் நின்ற அகன்ற நீர்த்துறையின் ஆங்கிலப் பெயரே பேசின் பிரிட்ஜ் என்பதில் இன்றும் இருக்கிறது. கால்வாயும், பின்னர் ரயில் பாதையும் கிட்டத்தில் இருந்ததால் உப்பை இறக்கி வைக்க அது ஏற்ற இடமாயிற்று. உப்பு வரி 1947-இல் நீக்கப்பட்டது. பெயர் மட்டும் சரக்கு முனையத்தோடு தங்கிவிட்டது.

உப்பைச் சேமிப்பது நெல்லைச் சேமிப்பது போன்றதன்று. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து நீராய்க் கசியும். ஆகவே உப்பை மேடான, நீர் தேங்காத தளத்தில் அம்பாரமாகக் குவிப்பார்கள். குவியலின் எடையில் அந்தக் கசப்பு நீர் மெல்ல அடிவழியே வடிந்து போகும். மேல்பரப்பு கெட்டிப்பட்டு ஓடு போலாகும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓலையால் வேய்ந்துவிட்டால் உள்ளே இருப்பது கரையாமல் நிற்கும். இப்படிக் கிடந்து காய்ந்த உப்பு புதிய உப்பைவிடத் தரமானது, ஆனால் எடை குறைந்தது. மணங்கு என்ற பழைய எடைக்கு இவ்வளவு என்று வரி விதித்த அரசுக்கு, உள்ளே வந்த எடைக்கும் வெளியே போன எடைக்கும் இடையே உள்ள குறைவில் எது இயற்கைக் கழிவு, எது களவு என்பது பெரிய கவலை. அதனால்தான் கொட்டாரம் என்றால் தளமும் கூரையும் மட்டுமல்லாமல், தராசும் காவலும் பேரேடும் அதில் அடங்கும்.

சொல்லின் பழமையும் இதையே காட்டுகிறது. வடமொழியில் ‘கோஷ்டாகாரம்’ என்றால் பண்டசாலை. அதற்கென ஓர் அதிகாரியை நியமிக்கும்படி அர்த்தசாஸ்திரம் கூறுகிறது. அதுவே வடக்கில் ‘கோட்டார்’ என்றும், அதன் பொறுப்பாளர் ‘கோட்டாரி’ என்றும் ஆயினர். சௌகார்ப்பேட்டைக் கடைப் பலகைகளில் நாம் பார்க்கும் கோத்தாரி என்ற குடும்பப் பெயரும் நம் உப்புக் கொட்டாரமும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிற செய்தி. தமிழகத்தில் இச்சொல் கோயில்களில் நன்றாக வாழ்கிறது. திருவரங்கத்தில் நெல் சேமித்த உயரமான வட்டக் களஞ்சியங்கள் இருக்கும் இடம் கொட்டாரம்தான். மலையாளத்தில் மட்டும் பொருள் உயர்ந்து அரண்மனையைக் குறிக்கிறது.

இனி, இன்றைய பயன்பாடு. நெல், உப்பு போன்று மூட்டை கட்டாமல் குவித்து, அளந்து வாங்கி அளந்து விடும் ஒற்றைச் சரக்கின் சேமிப்பிடத்தைக் கொட்டாரம் என்று தாராளமாக எழுதலாம். பல வணிகரின் பெட்டிகளும் மூட்டைகளும் அடுக்கப்படும் இடத்துக்குக் கிடங்கு என்பதே பொருத்தம். அரசும் சேமிப்புக் கிடங்கு என்றே எழுதுகிறது. மண்டி, தரகு வைத்து விற்கும் இடம். பண்டகசாலை, கூட்டுறவுத் துறையின் வழக்கால் விற்பனையையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. திருவொற்றியூர், மணலிப் பக்கத்துக் கன்டெய்னர் முனையங்களைக் கொட்டாரம் என்பது பொருந்தாது. தங்கள் ரசீதில் ‘சால்ட் கோட்டார்ஸ்’ என்பது இருக்கட்டும். அடுத்த முறை அச்சடிக்கும்போது அதன் கீழே ‘உப்புக் கொட்டாரம்’ என்றும் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: தூத்துக்குடி உறவினர்கள் குடோனைக் ‘கிட்டங்கி’ என்கிறார்கள். இது கிடங்கின் திரிபா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: கிடங்குக்கு உறவான சொல். ‘கிட’ என்னும் வினையோடு தொடர்புடைய கிடங்கு பழந்தமிழில் அகழியைக் குறித்தது. மதுரைக்காஞ்சியில் வரும் ‘மணிநீர்க் கிடங்கு’ மதுரையின் அகழியே. பிறகு குழிவான சேமிப்பிடத்துக்கும், பின்னர் எல்லாச் சரக்கறைக்கும் அது பெயராயிற்று. கிட்டங்கி தெலுங்கிலும் வழங்குவது. மலாய் மொழியின் ‘குடாங்’, நம் ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவின் ‘கோடவுன்’ ஆகியவையும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்து எண்ணப்படுகின்றன. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய கட்டடங்களுக்கும் கிட்டங்கி என்றே பெயர். அங்கே சரக்கு இல்லை. ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருக்க, ஊரிலிருந்து வந்தவர்கள் அங்கேயே உண்டு உறங்கிக் கணக்கு எழுதினார்கள். தூத்துக்குடியார் சொல்லும் பொருளே பழையது.