அண்ணன் குடியை விட நினைக்கிறார். பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: தினமும் குடிக்கிற என் அண்ணன், இப்போது அவராகவே விட வேண்டும் என்கிறார். நாங்கள் இருப்பது தேனி பக்கம் ஒரு சிற்றூர். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவருக்குப் பதில் நான் போய் விசாரிக்கலாமா?

பதில்:

நம்பரை நீங்கள் தேடிக் கொடுங்கள், போனில் பேசுவது அண்ணனாக இருக்கட்டும். நானும் குடிநோயாளிதான். பல வருடமாக இந்தக் கூட்டங்களுக்குப் போய்வருகிறவன் என்பதால் சொல்கிறேன். தங்கை பேசினால் எதிர்முனையில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, போனை அண்ணன்கிட்ட கொடுங்க" என்றுதான் சொல்வார். குடித்தவனோடு குடித்தவன் பேசுவதுதான் இங்கே வைத்தியம். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்தது இது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, கொஞ்சம் உள்ளே போனால்தான் நிற்கிறது என்ற நிலையில் அவர் இருந்தால், வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்த விடாதீர்கள். நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத ஆளிடம் பேசுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். க.விலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போய், மனநலப் பிரிவில் எவ்வளவு, எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கம் அடங்க மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுப்பார்கள். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416-க்கு அடியுங்கள். அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கென்று தனியாக 14446 இருக்கிறது.

சரி, கூட்டத்தைக் கண்டுபிடிப்பதற்கு வருவோம். ஏ.ஏ.வின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் தொடர்பு எண்கள் கிடைக்கும். அதில் இருக்கிற முகவரியை நம்பி நேரே பஸ் ஏறிவிடாதீர்கள். இடம் கொடுத்தவர்கள் கட்டடத்தை இடிப்பார்கள், கிழமை மாறும், பட்டியல் மட்டும் பழையதாகவே கிடக்கும். முதலில் போன். எடுப்பவரும் வேலைக்குப் போகிற ஒரு உறுப்பினர்தான், அதனால் சாயங்காலத்தில் முயன்று பாருங்கள். மதுரை நம்பர் கிடைத்தாலும் போதும். உங்கள் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் சம்மதித்தால் இரண்டு பேராக வீட்டுக்கே வந்து பேசுகிற வழக்கமும் உண்டு. இணையத்தைவிட விரைவான வழி, மருத்துவமனை மனநலப் பிரிவிலோ குடிபோதை மறுவாழ்வு மையத்திலோ ஆலோசகரைக் கேட்பது. ஏ.ஏ. ஆட்கள் இந்த மாதிரி இடங்களுக்கு வந்து பேசிவிட்டுப் போவதுண்டு.

பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோதான் நடக்கும். மதம் மாற்றுகிற கூட்டமோ என்று அம்மா பயந்தால் சொல்லிவிடுங்கள்: இடம் அவர்களுடையது, அவ்வளவுதான். நான் போகிற இடத்தில் விபூதி வைத்தவரும் தொப்பி போட்டவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்திமதியும் கிடையாது. முழுப் பெயர், சாதி, சம்பளம் எதையும் கேட்க மாட்டார்கள். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். விருப்பப்பட்டவர் பத்து இருபது போடுவார், டீச்செலவும் வாடகையும் அதில்தான். புதிதாக வந்தவர் பாக்கெட்டில் கைவிட்டால் பக்கத்தில் இருப்பவர், "நீங்க போட வேணாம்ணே, அடுத்த வாரம் வாங்க போதும்" என்பார். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்தான் உள்ளே வர ஒரே தகுதி. அதனால் உறுப்பினர் கட்டணம் என்று யாராவது கேட்டால் அது ஏ.ஏ. இல்லை.

முதல் கூட்டம் அண்ணனுக்குப் பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். "அவனுங்க அளவுக்கு நான் இல்லை" என்று திரும்பி வருவார், எல்லோரும் சொல்கிறதுதான். வாக்குவாதம் வேண்டாம். வேறு குழு இருந்தால் அங்கே அனுப்பிப் பாருங்கள், ஆட்கள் மாறினால் பேச்சும் மாறும். பஸ் வசதி இல்லாத நாளில் போனிலேயே ஆன்லைன் கூட்டத்தில் சேரலாம், கொரோனாவுக்குப் பிறகு அது சகஜமாகிவிட்டது. ஆனால் பக்கத்து டவுனில் அவரைத் தெரிந்த நாலு பேர் இருப்பது வேறு விஷயம். ராத்திரி எட்டு மணிக்குக் கடைப் பக்கம் கால் இழுக்கும்போது கூப்பிட அவர்கள்தான் வேண்டும்.

இன்னொன்று. 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கிற பொடி, மாத்திரை எதையும் தொடாதீர்கள். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கிற டைசல்ஃபிரம் என்ற மருந்து அதில் இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். அதனால்தான் டாக்டர்கள் நோயாளிக்கு விளக்கிச் சொல்லிவிட்டுத் தருகிறார்கள்.

நீங்கள் கூடப் போகலாமா என்றால், குடும்பத்தாரும் உட்காரக்கூடிய 'ஓப்பன் மீட்டிங்' எந்தக் கிழமை என்று போனிலேயே கேட்கச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் குடிநோயாளிகள் மட்டும்தான். உங்களுக்கும் அண்ணிக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. குடிக்கிறவருடைய வீட்டாருக்கானது அது. அண்ணன் நாளைக்கே மனம் மாறி வரமாட்டேன் என்றாலும் நீங்கள் இரண்டு பேரும் போகலாம். அந்த நம்பரையும் சேர்த்தே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.