வாசகர் கேள்வி பதில்: நத்தைக்குக் கொம்பு நான்கு

தோட்டத்தில் காணும் சிற்றுயிர்களை வைத்துச் சின்னக் குழந்தைகளுக்கு எண்ணிக்கை சொல்லித்தரும் விளையாட்டுப் பாடல்களைப் பற்றி நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

எங்கள் மையத்துக் குழந்தைகள் ஒன்று முதல் பத்து வரை தாளத்தோடு தடையின்றிச் சொல்கிறார்கள். ஆனால் முட்டைக்கோஸ் இலையில் இருக்கும் ஐந்து நத்தைகளை எண்ணச் சொன்னால் ஒரு குழந்தை நான்கு என்கிறது, இன்னொன்று எட்டு என்கிறது. பாட்டாலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?
– அங்கன்வாடிப் பணியாளர், கோத்தகிரி

முடியும், ஆனால் எந்தப் பாட்டை எடுத்தாலும் நடந்துவிடாது. எண்களை வரிசையாகச் சொல்வது வேறு, பொருள்களை எண்ணுவது வேறு. அமெரிக்க உளவியலாளர்களான ரோஷல் கெல்மன், கேலிஸ்டல் இருவரும் 1978இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டுமே சொல்ல வேண்டும், சொற்களின் வரிசை மாறக்கூடாது, கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தத்தைக் குறிக்கும் என்னும் மூன்றும் கைவந்தால்தான் குழந்தை எண்ணத் தெரிந்துகொண்டது என்று பொருள். உங்கள் குழந்தைகளுக்கு இவற்றில் இரண்டாவதான சொல்வரிசை மட்டும் வந்திருக்கிறது. மற்ற இரண்டும் இனித்தான் வர வேண்டும்.

அடுத்த முறை குழந்தை எண்ணும்போது அதன் வாயைக் கவனிக்காமல் விரலைக் கவனியுங்கள். "இரண்டு" என்று இழுத்துச் சொல்லும்போது "இ" என்பதற்கு ஒரு நத்தையையும் "ரண்டு" என்பதற்கு அடுத்த நத்தையையும் விரல் தொட்டுவிடும். வேகமாகப் பாடும் குழந்தையோ ஒரே தொடுதலில் "மூன்று நான்கு" என்று இரண்டு சொற்களையும் சொல்லிவிடும். விடை கூடுவதற்கும் குறைவதற்கும் பெரும்பாலும் இவையே காரணம். ஆகவே ஒரே மூச்சில் பத்து வரை ஓடும் பாட்டைச் சில வாரங்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் சற்றே நின்று கேள்வி கேட்கும் பாட்டைப் பாடுங்கள். எடுத்துக்காட்டாக:

கோஸின் இலையில் நத்தை ஒன்று
குந்தி இருந்தது.
இன்னொரு நத்தை ஊர்ந்து வந்தது.
எத்தனை? – இரண்டு!

இரண்டு நத்தை இலையைக் கடித்து
இனிதாய் இருந்தன.
இன்னொரு நத்தை ஊர்ந்து வந்தது.
எத்தனை? – மூன்று!

இப்படியே ஐந்து வரை போகலாம். ஒவ்வொரு முறை "ஊர்ந்து வந்தது" என்று பாடும்போதும் தட்டில் ஓர் அவரை விதையைக் குழந்தையே வைக்கட்டும். "எத்தனை?" என்று கேட்டவுடன் விதைகளை இலையால் மூடிவிடுங்கள். மூடிய பிறகும் தயங்காமல் "மூன்று" என்று சொல்லும் குழந்தைக்குக் கடைசிச் சொல்லின் பொருள் விளங்கிவிட்டது; இலையைத் தூக்கி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் குழந்தைக்கு இன்னும் சில நாள்கள் தேவைப்படும், அவ்வளவுதான்.

எறும்பு ஒன்று, வண்டு இரண்டு, வெட்டுக்கிளி மூன்று என்று வரிக்கு வரி உயிரை மாற்றும் பாடல்கள் உயிர்களின் பெயர்களைப் பழகுவதற்கு நல்லவை; எண்ணப் பழகுவதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. அந்த மூன்று வரியையும் பாடி முடிக்கும்போது தோட்டத்தில் உண்மையில் ஆறு உயிர்கள் இருக்கின்றன, பாட்டோ மூன்றில் நிற்கிறது. பெரியவர்கள் இதைக் கவனிப்பதில்லை, விதை வைத்துப் பாடும் குழந்தை கவனித்துவிடும்.

ஐந்து வரை பிசகாமல் வந்த பிறகு இறங்குமுகமாகப் பாடுங்கள். மூடுபனி இறங்க இறங்க ஒவ்வொரு நத்தையாக மறைந்து, கடைசியில் "எத்தனை?" என்றால் "ஒன்றுமில்லை!" என்று முடிய வேண்டும். சுழியம் என்னும் கருத்தைக் குழந்தைக்குச் சொல்லித்தர இதைவிடச் சிரமமில்லாத வழி எனக்குத் தெரியவில்லை.

என் பேத்திக்காக நானே எண்ணுப் பாட்டு எழுதிவருகிறேன். ஒன்று, இரண்டு எளிதாக அமைகின்றன. நான்கிலும் ஒன்பதிலும் வந்து நின்றுவிடுகிறேன். எதுகைக்கு என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளர், குன்னூர்

எண்ணைக் கொண்டுபோய் வரியின் கடைசியில் வையுங்கள். பாதித் தொல்லை தீர்ந்துவிடும். "இரு வண்டு", "முப்புழு", "நால்நத்தை" என்று எண்ணை முன்னால் வைத்தால் அது உருமாறிப் போகிறது. குழந்தை விரல்விட்டுச் சொல்லும் "இரண்டு", "மூன்று", "நான்கு" ஆகிய சொற்கள் பாட்டில் காதில் விழுவதே இல்லை. "வண்டு இரண்டு", "நத்தை நான்கு" என்று பின்னால் வைத்தால் சொல் முழுமையாக ஒலிக்கும், "கள்" விகுதியும் வேண்டியதில்லை.

வரியின் கடைசியில் எண் வந்துவிட்டால் அதற்கு ஒத்தொலிக்கும் சொற்களைப் பெயர்ச்சொற்களில் தேடாமல் வினையெச்சங்களில் தேடுங்கள். ஒன்றுக்கு நின்று, தின்று, சென்று. இரண்டுக்கு உருண்டு, சுருண்டு, புரண்டு, மிரண்டு. ஐந்துக்கு நனைந்து, நுழைந்து, வளைந்து, அசைந்து. எட்டுக்குத் தொட்டு, விட்டு, புறப்பட்டு. பத்துக்குப் பார்த்து, காத்து, சேர்த்து. சிற்றுயிர்கள் நாள் முழுவதும் செய்பவை இவைதாம் என்பதால் பொருளும் தானாகவே பொருந்திவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் தொட்டவுடன் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் மரவட்டை உண்டு. அதை நேரில் கண்ட குழந்தையிடம் "மரவட்டை வந்தன இரண்டு, மண்ணில் கிடந்தன சுருண்டு" என்று பாடிப் பாருங்கள்.

நான்குக்கு நேரான எதுகை கிடைப்பது அரிது. அங்கே மோனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நத்தை நமக்காகவே பிறந்தது போல நிற்கிறது.

நத்தை வந்தன நான்கு – போதும்,
நாளை நகரலாம், தூங்கு!

நான்கும் தூங்கும் இலக்கணப்படி ஒத்துவாரா என்று புலவர்கள் சொல்லக்கூடும். மூன்று வயதுக் காதுக்கு அவை தாராளமாக ஒத்துவரும். மோனையில் அ, ஆ, ஐ, ஔ நான்கும் ஓரினம். ஆகவே ஐந்துக்கு அந்துப்பூச்சி பொருந்தும். இ, ஈ, எ, ஏ ஓரினம். ஆகவே இரண்டுக்கு ஈ, ஏழுக்கும் எட்டுக்கும் எறும்பு. உ, ஊ, ஒ, ஓ ஓரினம்; ஒன்றுக்கு ஓணானையும் ஒன்பதுக்கு ஊசித்தட்டானையும் அழைத்துக்கொள்ளலாம். ஒன்பதுக்கு எதுகையும் உண்டு: "ஊசித்தட்டான் ஒன்பது, கொசுவை எல்லாம் தின்பது." தட்டான் கொசுவைப் பிடித்துத் தின்பது உண்மையே, கற்பனை அன்று.

"எண்ணும் எழுத்தும்" வகுப்பில் சிற்றுயிர்களின் உறுப்புகளை வைத்துப் பாட்டுக் கட்ட விரும்புகிறேன். "பூச்சிக்குக் கால் ஆறு" என்று பாடியவுடன் ஒரு மாணவன், "வண்ணத்துப்பூச்சிக்கு நான்குதான் இருக்கிறது, நான் பார்த்தேன்" என்றான். என்ன விடை சொல்வது?
– முதல் வகுப்பு ஆசிரியை, உதகமண்டலம்

முதலில் அந்த மாணவனைப் பாராட்டுங்கள். அவன் கண் பொய் சொல்லவில்லை. வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு பெரிய குடும்பத்துக்கு முன்னங்கால்கள் இரண்டும் தூரிகை போலச் சிறுத்து, மார்போடு ஒட்டி மடங்கியிருக்கும். அவை நடப்பதும் நிற்பதும் மற்ற நான்கு கால்களில்தான். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. "நிற்பது நான்கில், மறைத்தது இரண்டு, மொத்தம் ஆறு" என்று அவனையே பாடச் சொல்லுங்கள். கூட்டல் கணக்கு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது.

உறுப்புப் பாட்டுக்கு நான் ஒன்று கட்டித் தருகிறேன். இதில் உள்ளவை எல்லாம் உருப்பெருக்கிக் கண்ணாடியால் சரிபார்க்கக்கூடியவை.

நத்தைக்குப் பாதம் ஒன்று,
ஈக்குச் சிறகு இரண்டு,
எறும்பின் உடலில் பகுதி மூன்று,
நத்தைக்குக் கொம்பு நான்கு,
தேனீக்குக் கண்கள் ஐந்து,
வண்டுக்குக் கால்கள் ஆறு,
பொறிவண்டில் புள்ளி ஏழு,
சிலந்திக்குக் கால்கள் எட்டு!

நத்தை இரண்டு முறை வருவதை வேண்டுமென்றே விட்டு வைத்தேன், அதற்கு அந்தத் தகுதி உண்டு. அதன் நீண்ட கொம்புகள் இரண்டின் நுனியில் கண்கள் இருக்கும். கீழே உள்ள குட்டைக் கொம்புகள் இரண்டும் மோந்து பார்க்கவும் தடவிப் பார்க்கவும் உதவும். தேனீயின் பக்கவாட்டில் உள்ள பெரிய கூட்டுக்கண்கள் இரண்டும் எளிதாகத் தெரியும். உச்சந்தலையில் முக்கோணமாக அமைந்த சிறு கண்கள் மூன்றையும் பார்க்க, சன்னல் ஓரத்தில் இறந்து கிடக்கும் தேனீயை எடுத்துக்கொள்வதே நல்லது.

ஏழு புள்ளிப் பொறிவண்டுதான் வகுப்புக்கு மிகவும் உகந்தது. இறக்கை மூடி ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளிகள். ஏழாவது புள்ளி இரண்டு மூடிகளும் சேரும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். வண்டு பறக்க எழும்போது அந்தப் புள்ளி இரண்டாகப் பிளந்து போவதைக் குழந்தைகள் பார்த்துவிட்டால் பிறகு மூன்று, ஒன்று, மூன்று என்னும் கணக்கை மறக்க மாட்டார்கள். எல்லாப் பொறிவண்டுக்கும் ஏழு புள்ளி இருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். இந்த மலைக்கும் பொறிவண்டுக்கும் பழைய உறவு உண்டு: 1920களின் இறுதியில் நீலகிரியின் சீகை மரங்களைப் பஞ்சு போன்ற செதில்பூச்சி பற்றிக்கொண்டபோது, அதைத் தின்பதற்காக ஆஸ்திரேலிய இனப் பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்டார்கள்.

பூரானையும் மரவட்டையையும் பாட்டில் "நூறு கால்", "ஆயிரம் கால்" என்று சேர்க்க ஆசை வரும். பூரானின் கால் இணைகள் எப்போதும் ஒற்றைப்படையிலேயே வருவதால், ஐம்பது இணைகள் வேண்டியிருக்கும் நூறு என்னும் எண்ணிக்கை எந்தப் பூரானுக்கும் அமையாது. மரவட்டையில் ஆயிரத்தைத் தாண்டியது ஆஸ்திரேலியாவில் மண்ணுக்கடியில் கிடைத்த ஓர் இனம் மட்டுமே. 2021இல் விவரிக்கப்பட்ட அதற்கு 1306 கால்கள் வரை இருந்தன. முதல் வகுப்புக்கு எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்பதுக்கு உறுப்புத் தேடி வரும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடலாம்.

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) குழந்தைகள் வீட்டில் படுகு பேசுகிறார்கள், பள்ளியில் தமிழ். எண்ணுப் பாட்டை எந்த மொழியில் தொடங்குவது?
– ஒரு தாய், கோத்தகிரி அருகே

பாட்டி எந்த மொழியில் எண்ணுகிறாரோ அந்த மொழியில் தொடங்குங்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் பழக்கம் ஒரு மொழியில் கைவந்துவிட்டால் இன்னொரு மொழியில் சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். ஒரே பாட்டுக்குள் இரண்டு மொழி எண்களையும் கலக்க வேண்டாம், வரிசை குழம்பிவிடும். நத்தைப் பாட்டு படுகிலும், பொறிவண்டுப் பாட்டு தமிழிலும் இருக்கட்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் அட்டைகள் அதிகம். மகன் அவற்றைக் கண்டு அஞ்சுகிறான். அட்டையையும் பாட்டில் சேர்க்கலாமா? குழந்தைகள் சிற்றுயிர்களைத் தொட்டுப் பார்க்க விடலாமா?
– வாசகி, கூடலூர்

எறும்பு வரிசை, நத்தை, மண்புழு ஆகியவற்றைப் பார்க்க விடலாம். நத்தையையும் மண்புழுவையும் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும், பூரான் கடிக்கும், தேனீ கொட்டும்; இவற்றைக் கண்ணால் மட்டும் எண்ணட்டும். மருந்து தெளித்த காய்கறிப் பாத்திக்குள் குழந்தைகளை விடவே கூடாது.

அட்டையைத் தாராளமாகச் சேருங்கள். மலைக்காட்டு அட்டைக்கு இரண்டு முனையிலும் உறிஞ்சிகள் இருப்பதும், தலைப்பக்கத்தில் ஐந்து இணைக் கண்கள் இருப்பதும் தெரிந்தால் மகனுக்கு அச்சத்தைவிட வியப்பு மிகும். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல், உறிஞ்சியின் ஓரத்தில் நகத்தை நுழைத்து மெல்ல நகர்த்தி எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கழுவுங்கள். இரத்தம் சிறிது நேரம் கசியத்தான் செய்யும். பத்துக்குப் பாட்டு வேண்டுமென்றால் இதோ:

அட்டைக்குக் கண்கள் பத்து – காலுறை
அணிந்து நடப்போம் பார்த்து.