அணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்தால் செய்யுள் புரியுமா?

தேர்வில் முன்பின் பார்த்திராத செய்யுளைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் திணறுகிறேன், உவமை, உருவகம் போன்ற அணிகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. நானே செய்து பார்த்தவன். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள், அதாவது பொருளால் அழகு தருபவை, 35. அதில் பாதிக்கு மேல் விளக்கத்தோடு ஒப்பிப்பேன். புதுப் பாட்டு ஒன்று வந்தால் மட்டும் 'போல' எங்கே என்று தேடுவேன். இருந்தால் உவமை, இல்லையென்றால் உருவகம். சரி, பாட்டு என்ன சொல்கிறது? திருதிருவென்று முழிப்பேன்.

தொல்காப்பியத்தில் உவமை தோன்றும் இடங்களாக நான்கைச் சொல்கிறார்கள்: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். இதைப் பட்டியலாக வைத்துக்கொள்ளாமல் கேள்வியாகத் திருப்பிப் போட்ட பிறகுதான் எனக்குப் பிடி கிடைத்தது. இரண்டும் எதில் ஒத்துப்போகின்றன? 'புலி போலப் பாய்ந்தான்' என்றால் செயலில். 'மழை போன்ற கை' என்றால் பயனில். கை ஈரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, கைம்மாறு பார்க்காமல் கொடுக்கிறது. 'பவளம் போன்ற வாய்' நிறத்தோடு நின்றுவிடுகிறது. பவளத்தின் கடினத்தையும் சேர்த்து யோசித்தால் பாவம், காதலன் பல்லை உடைத்துக்கொள்வான்!

அடுத்தது, சொல்லாமல் விட்டதைத் தேடுவது. 10ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள்:

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்

பிறவியைக் கடல் ஆக்கியாகிவிட்டது. கடலைக் கடக்கத் தெப்பம் வேண்டுமே, அது எங்கே? இறைவன் அடிதான் தெப்பம், ஆனால் குறள் அதைச் சொல்லவில்லை. ஒரு பாதியை மட்டும் உருவகம் செய்துவிட்டு மறுபாதியை நம்மிடம் விட்டுவிடுகிறது. இதற்குத்தான் ஏகதேச உருவகம் என்று பெயர். ஏகதேசம் என்றால் ஒரு பகுதி. இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. 'நீந்தார்' யார் என்றால் அடி சேராதவர்கள். 'நீந்துவர்' யார்? சேர்ந்தவர்கள். அந்தச் சொல்லே குறளில் கிடையாது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதைச் சொல்லெச்சம் என்று குறிக்கிறார். ஏழே சீரில் இரண்டு பள்ளம். இரண்டையும் நிரப்பினால்தான் பொருள் முழுசாகிறது. நான் இந்தக் குறளைப் பல வருடம் ஒப்பித்திருக்கிறேன், இரண்டாவது பள்ளம் கண்ணில் பட்டதே இல்லை.

எதுகை, மோனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓசைக்கு அவை முக்கியம், பொருள் புரிய அவ்வளவாக உதவாது. அந்த நேரத்தைப் பதம் பிரிப்பதில் செலவிடுங்கள். முதலில் வினைமுற்றைக் கண்டுபிடியுங்கள், பிறகு எழுவாய். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

நீளமான பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம், பிரித்தால் விளக்கம் உள்ளேயே இருக்கும். தற்குறிப்பேற்றம் என்பது தன் குறிப்பை ஏற்றுவது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுவது இயல்பு. சிலப்பதிகாரத்தில் அவை கோவலனையும் கண்ணகியையும் பார்த்து 'வராதீர்கள்' என்று கை காட்டுவது போல ஆடுகின்றன. கொடிக்கு அந்தக் கவலை ஏது? ஏற்றியது இளங்கோ.

உவமைக்கும் எடுத்துக்காட்டு உவமைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: பின்னதில் 'போல' போன்ற உவம உருபு வெளிப்படையாக வராது. அவசரத்தில் இரண்டையும் மாற்றிப்போட்டு நான் இழந்த மதிப்பெண்கள் கொஞ்சநஞ்சமல்ல.