காற்றின் கண்

கேள்வி: நார்வே மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஜன்னலுக்கு ஒரு பாடத்தில் 'விண்டு' என்றும் இன்னொன்றில் 'விண்டௌகா' என்றும் இருக்கிறது. இரண்டாவதற்கு 'காற்றின் கண்' என்று பொருள் என்கிறார்கள். உண்மையா, யாராவது கட்டிவிட்ட கதையா?

பதில்: உண்மைதான். 'விண்ட்' காற்று, 'ஔகா' கண். வைக்கிங் காலத்துப் பழைய நோர்ஸ் மொழியிலேயே இந்தச் சொல் உண்டு. அந்தக் கால மரவீட்டில் ஜன்னலுக்குக் கண்ணாடி ஏது? சுவரிலோ கூரையிலோ ஒரு திறப்பு விடுவார்கள், வெளிச்சம் வருகிற அதே வழியில் காற்றும் உள்ளே வந்துவிடும், அதனால் அது வீட்டுக்குக் கண், காற்றுக்கு வாசல். எனக்கு இதைப் படித்ததும் நம்முடைய 'காலதர்' நினைவுக்கு வந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மாளிகைகளுக்கு 'மான்கண் காலதர்' இருக்கிறது, அதாவது மானின் கண் போன்ற ஜன்னல். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஜன்னலைப் பார்த்ததும் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கின்றன, இதைவிடச் சந்தோஷமான விஷயம் எனக்கு வேறில்லை.

சரி, ஏன் இரண்டு வடிவம்? நார்வே 1814 வரை டென்மார்க்கோடு இணைந்திருந்தது, எழுத்தெல்லாம் டேனிஷில்தான். அந்த டேனிஷில் விண்டௌகா தேய்ந்து 'விண்டுயெ' ஆகியிருந்தது, அதன் வழியில் வந்ததுதான் இன்றைய பூக்மோல் எழுத்துமொழியின் 'விண்டு'. அதில் கண்ணுக்கு 'ஒய்யெ' என்பார்கள், அதனால் விண்டுவுக்குள் ஒரு கண் ஒளிந்திருப்பது சொல்லித் தந்தால்தான் தெரியும். ஈவார் ஓசென் என்ற நார்வே மொழியறிஞர் ஊர் ஊராக நடந்து கிராமத்துப் பேச்சைத் திரட்டி, 1850இல் அகராதியாகவே வெளியிட்டார். அவர் போட்ட அடித்தளத்தில் வளர்ந்த நீநொர்ஷ்க் எழுத்துமொழியில் கண் அப்படியே இருக்கிறது. 1885 முதல் இரண்டுக்கும் அரசு அளவில் சம மதிப்பு.

அப்புறம், ஆங்கிலத்தின் 'விண்டோ' இதே சொல்தான், இங்கிலாந்தில் குடியேறிய நோர்ஸ்காரர்களிடமிருந்து போனது. பக்கத்து வீடான ஸ்வீடன் மட்டும் லத்தீனிலிருந்து வந்த 'ஃபொன்ஸ்டர்' என்ற சொல்லுக்கு மாறிவிட்டது.

நீங்கள் படிப்பது பூக்மோல் என்றால் 'விண்டு' என்றே எழுதுங்கள், தேர்வில் இரண்டையும் கலக்க வேண்டாம்.