ஏலத்தில் பழம்பொருள் வாங்கத் தொடங்குபவர் கண்ணாடியில் தொடங்கலாமா, சிற்பத்தில் தொடங்கலாமா?

ஒரே ஏலப் பட்டியலில் பழைய மதுக்கோப்பைகளும் வெள்ளிச் சாமான்களும் நவீன வெண்கலச் சிற்பங்களும் அடுத்தடுத்து வருகின்றன. முதன்முறையாக வாங்க நினைப்பவர் எதில் தொடங்குவது, பொருள் அசல்தானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடியில் தொடங்குங்கள், சிற்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் பதில். விலை வேறுபாடு இதற்கு ஒரு காரணம்தான் என்றாலும், அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஒரு கண்ணாடிக் கோப்பையைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதியை, அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தே அறிந்துவிட முடியும். வார்ப்புச் சிற்பத்தின் மதிப்போ அதனுடன் வரும் ஆவணங்களில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது; அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி தொடக்கத்தில் எவருக்கும் இருப்பதில்லை.

விற்பனைக்கு முன் சில நாள்கள் பொருள்களைப் பார்வைக்கு வைப்பது ஏல நிறுவனங்களின் வழக்கம். அந்த நாள்களில் நேரில் செல்லுங்கள். அலமாரியைத் திறந்து காட்டும்படி கேட்கத் தயங்க வேண்டாம், அதற்காகத்தான் பணியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். இணையத்தில் காட்டப்படும் படங்கள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அவை பெரும்பாலும் பொருளின் அழகிய முகத்தையே காட்டுகின்றன. நமக்கு வேண்டியது அடிப்பாகம்.

எடுத்துக்காட்டாக, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில மதுக்கோப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயக் கண்ணாடித் தயாரிப்பாளர் காப்புரிமை பெற்ற, ஈயம் கலந்த கண்ணாடியின் வழியில் வந்த பொருள் அது. விரலால் மெல்லச் சுண்டினால் நீண்டு ஒலிக்கும். கையில் எடுத்தால் தோற்றத்தைவிடக் கனமாக இருக்கும். கோப்பையின் வாயை வடிவமைக்கும்போது, அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டித் தாங்கிப் பிடித்திருப்பார்கள். வேலை முடிந்ததும் கம்பியைத் தட்டி உடைத்து எடுக்கும்போது அந்த இடத்தில் சொரசொரப்பான வடு நிற்கும். இதைப் பான்டில் வடு என்கிறார்கள். பிற்காலக் கோப்பைகளில் இவ்வடு தேய்த்து மெருகிடப்பட்டிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஆனால், இன்றும் கையால் ஊதிச் செய்யும் நகல்களில் இதே வடு வரும் என்பதால், இதை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்துவிட முடியாது.

ஆகவே அடுத்ததாக, கோப்பையின் பாதம் மேசையைத் தொடும் விளிம்பை உருப்பெருக்கியால் பாருங்கள். இரு நூற்றாண்டுக் காலம் மேசையில் வைத்தும் எடுத்தும் நகர்த்தியும் புழங்கிய கண்ணாடியில், மிக நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, அந்த விளிம்பு மட்டும் பட்டுப்போல மங்கியிருக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் செயற்கையாகப் பழமை கூட்டியிருந்தால், கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் ஓடும். தரையைத் தொடாத உட்பகுதியிலும் தேய்மானம் தெரியும். எனக்கு இதைவிட நம்பகமான ஒரு சோதனை கிடைத்ததில்லை. அந்தக் காலக் கோப்பைகளில் பாதத்தின் அகலம் பெரும்பாலும் மேல்வாயின் அகலத்துக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கும். பாதம் வாயைவிடக் குறுகியிருந்தால், விளிம்பில் ஏற்பட்ட சில்லை மறைப்பதற்காகச் சுற்றிலும் தேய்த்துக் குறைத்திருக்கிறார்களா என்று சந்தேகியுங்கள். வாய் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். நெருப்பில் காட்டி முடித்த விளிம்பு வழவழப்பாக உருண்டிருக்கும், சில்லைத் தேய்த்துச் சரிசெய்த விளிம்பு தட்டையாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும்.

கோப்பை அசலாக இருந்து, அதன் மேலுள்ள செதுக்கல் மட்டும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதாக இருப்பதும் உண்டு. இங்கிலாந்தில் நாடிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் ஆதரவாளர்கள் ரோஜா மலரைச் சின்னமாகச் செதுக்கிப் பயன்படுத்திய கோப்பைகளுக்குப் பெரும் தேவை இருப்பதால், செதுக்கலற்ற பழைய கோப்பைகளில் அதைப் புதிதாகச் செதுக்கி விற்றிருக்கிறார்கள். பழைய செதுக்கலின் பள்ளங்கள் காலப்போக்கில் அழுக்கேறிச் சாம்பல் நிறம் கொண்டிருக்கும். புதியவை மாவு தூவியதுபோல வெள்ளையாகப் பளிச்சிடும்.

இங்கே வரலாற்றறிவும் நேரடியாகப் பயன்படுகிறது. இங்கிலாந்தில் 1745இல் கண்ணாடி மூலப்பொருளின் எடைக்கு வரி விதிக்கப்பட்டது. அது நூறாண்டு கழித்து 1845இல்தான் நீக்கப்பட்டது. அந்த வரிக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் கனத்தைக் குறைத்துக்கொண்டு, கோப்பையின் வாய்ப்பகுதியையும் பாதத்தையும் இணைக்கும் தண்டுக்குள் காற்றிழைகளையும் வெள்ளை இழைகளையும் முறுக்கி அலங்கரிப்பதிலும் மேற்பரப்பைச் செதுக்குவதிலும் திறமையைக் காட்டினார்கள். எனவே தண்டின் அமைப்பைப் பார்த்தே காலத்தை ஓரளவு கணிக்க முடிகிறது.

மது ஊற்றி வைக்கும் மூடியுள்ள குடுவைகளில் மூடியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மூடியின் அடியிலும் குடுவையின் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பது 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. எண்கள் மாறியிருந்தால் மூடி வேறொரு குடுவையுடையது. குடுவையின் உட்புறம் பால்போல மங்கியிருந்தால், அது வெறும் அழுக்கா, கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அரிப்பு கழுவினால் போகாது. எண்ணெய் தடவி அதைத் தற்காலிகமாக மறைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், உட்புறம் உலர்ந்திருக்கிறதா என்பதை அவசியம் பாருங்கள்.

பெயர் பெற்ற கலைஞர்களின் கண்ணாடிக்கு வரும்போது, கையொப்பத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிரான்சின் நான்சி நகரில் பணியாற்றிய கண்ணாடிக் கலைஞர் எமில் காலே 1904இல் மறைந்தார். அதன் பிறகு சில ஆண்டுகள் அவருடைய பட்டறையிலிருந்து வந்த பொருள்களில் பெயருடன் ஒரு சிறு நட்சத்திரம் சேர்க்கப்பட்டது. இந்த விவரம் தெரிந்தவர், நட்சத்திரமுள்ள ஒரு ஜாடியைக் கலைஞரே மேற்பார்த்துச் செய்ததாக விலை பேச மாட்டார். ருமேனியாவில் அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட நகல்களில் காலேயின் பெயருக்கு அருகே, அந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும் ‘டிப்’ என்ற குறியும் இருக்கும். அந்தக் குறியை மட்டும் தேய்த்து அழித்துவிட்டு விற்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் மெருகிட்ட ஒரு பகுதி தென்பட்டால் விலகிவிடுங்கள். மற்றொரு பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞரான ரெனே லாலிக்கின் பொருள்களில், 1945இல் அவர் மறையும்வரை பெயரின் முன்னெழுத்தான ‘ஆர்’ சேர்ந்திருக்கும். பிற்காலத்தில் வந்தவற்றில் அது இல்லை. பிற்காலப் பொருளில் அந்த ஓர் எழுத்தைச் சேர்ப்பது மோசடிக்காரருக்குக் கடினமான வேலையன்று.

வெள்ளி இதைவிட எளிது. லண்டனில் சோதித்த வெள்ளியில் அடிக்கப்படும் சிறுத்தைத் தலை முத்திரை 1300ஆம் ஆண்டு முதலே நடைமுறையில் இருக்கிறது. ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. ஒரு சிறு கையேட்டை வைத்துக்கொண்டே ஊரையும் ஆண்டையும் கண்டுபிடித்துவிடலாம். பீங்கானில் அப்படி முடியாது. ஜெர்மனியின் மைசன் பீங்கான் தொழிற்சாலையின் குறுக்கு வாள் சின்னத்தைப் பலர் நகலெடுத்திருக்கிறார்கள். சீனப் பீங்கானிலோ முந்தைய பேரரசரின் ஆட்சிக் குறியைப் பிற்காலத்தில் எழுதுவது, முன்னோரின் மீதுள்ள மதிப்பால் ஏற்பட்ட நெடுநாள் வழக்கமாகவே இருந்திருக்கிறது.

பொருளைப் பார்த்த பிறகு, பட்டியலில் உள்ள வாசகத்தைச் சொத்துப் பத்திரம் படிக்கும் கவனத்துடன் படியுங்கள். கலைஞரின் பெயர் மட்டும் தலைப்பாக நின்றால், அது அவருடைய படைப்பு என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது. ‘அவருடையதாகக் கருதப்படுகிறது’ என்றால் பொறுப்பு குறைகிறது. ‘அவருடைய பட்டறை’, ‘அவரைச் சார்ந்த வட்டம்’, ‘அவரைப் பின்பற்றியவர்’, ‘அவருடைய பாணி’ என்று போகப் போகக் கலைஞருக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவு கூடிக்கொண்டே செல்கிறது. ‘கையொப்பமிட்டது’ என்பதற்கும் ‘கையொப்பம் காணப்படுகிறது’ என்பதற்கும் இடையே பெரும் பண வேறுபாடு உண்டு. பின்னதில், அந்தக் கையொப்பம் யாருடையது என்று நிறுவனம் சொல்லவே இல்லை. பழுது இருந்தால் பட்டியல் அதைத் தானாகச் சொல்லும் என்று எதிர்பார்க்காமல், நிலை அறிக்கையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஏலம் முடிந்ததற்கு அடையாளமாகச் சுத்தியல் விழும்போது நிற்கும் விலை நீங்கள் செலுத்தப்போகும் விலையன்று. கிறிஸ்டீஸ், சோதபீஸ் ஆகிய இரு பெரிய ஏல நிறுவனங்களும் 1975இல் லண்டனில் வாங்குபவரிடமும் கட்டணம் வசூலிக்கத் தொடங்கின; இன்று அது பல இடங்களில் சுத்தியல் விலையில் 25 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. அதன் மேல் வரி, பொதி கட்டும் செலவு, போக்குவரத்து, காப்பீடு ஆகியவை சேர்கின்றன. இவை அனைத்தையும் கூட்டி வரும் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, உங்களுடைய உச்சத் தொகையை அரங்குக்குள் நுழைவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் வைத்த இரகசியக் குறைந்தபட்ச விலையை எட்டும்வரை, அரங்கில் எவரும் கேட்காதபோதும் ஏலம் விடுபவர் விற்பவர் சார்பில் தொகையை உயர்த்திச் சொல்லிக்கொண்டு போவது பல நாடுகளில் அனுமதிக்கப்பட்ட நடைமுறை. ஆகவே, விலை ஏறுகிறது என்பதாலேயே உங்களுக்குப் போட்டியாளர் இருக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம்.

இனி, சிற்பத்தை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். சிற்பத்தின் மீது எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். வெண்கல வார்ப்பு தன் இயல்பிலேயே பல படிகளைக் கொண்டது. ஒரே மாதிரியிலிருந்து பல வார்ப்புகள் எடுக்கலாம், அவற்றைக் கலைஞர் மறைந்த பின்னும் எடுக்கலாம். 1917இல் பிரெஞ்சு ஓவியர் தெகா இறந்தபோது அவருடைய பட்டறையில் மெழுகிலும் களிமண்ணிலும் செய்த ஏராளமான உருவங்கள் கிடந்தன. அவர் வாழ்நாளில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த சிற்பம் 1881இல் காட்டிய நடனச் சிறுமி ஒன்றுதான். இன்று அருங்காட்சியகங்களில் நாம் காணும் தெகாவின் வெண்கலங்கள் எல்லாம் அவர் மறைவுக்குப் பின் வார்க்கப்பட்டவை. பிரெஞ்சுச் சிற்பி ரோதாங் தம் படைப்புகளை 1916இல் பிரெஞ்சு அரசுக்கு அளித்ததால், அவருடைய பெயரிலுள்ள அருங்காட்சியகம் அவருக்குப் பின்னும் முறைப்படி வார்ப்புகளை வெளியிட்டிருக்கிறது. அவர் உயிரோடிருந்தபோது வார்த்தது, அருங்காட்சியகம் வார்த்தது, உரிமையில்லாமல் எவரோ வார்த்தது ஆகிய மூன்றும் ஒரே உருவத்தில் உங்கள் முன் வரலாம். விலையோ மூன்றுக்கும் மூன்று விதம்.

பிரான்சில் எண்ணிட்ட வார்ப்புகள் 8, கலைஞருக்கு உரியவை 4, ஆக மொத்தம் 12 மட்டுமே அசல் என்று கொள்ளப்படுகின்றன. இந்த எண்ணும் வார்ப்புச்சாலையின் முத்திரையும் பீடத்தின் ஓரத்தில் இருக்கும். முத்திரையையும் போலியாகப் பொறிக்க முடியும் என்றாலும், அளவை அவ்வளவு எளிதாகப் போலி செய்ய முடியாது. உருக்கிய வெண்கலம் குளிரும்போது ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை சுருங்குகிறது. எனவே, முடிந்த வெண்கலம் ஒன்றிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல், 50 சென்டிமீட்டர் உயரத்தில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை குட்டையாக இருக்கும். நுண்ணிய விரல் தடங்களும் கருவிக் கீறல்களும் அதில் மழுங்கியிருக்கும். கலைஞரின் முழுப் படைப்புப் பட்டியலில் அச்சிட்டுள்ள அளவைக் குறித்துக்கொண்டு, அளவுநாடாவுடன் போய் நீங்களே அளந்து பாருங்கள்.

எளிய வடிவங்கள் கொண்ட நவீன சிற்பத்தில் இந்தத் தடயங்களும் குறைந்துவிடுகின்றன. ருமேனியாவில் பிறந்த சிற்பி பிரான்குசியின் மெருகிட்ட வெண்கலப் பறவை 1926இல் நியூயார்க் வந்தபோது, சுங்க அதிகாரிகள் அதைக் கலைப்பொருளாகவே ஏற்காமல், சமையலறைச் சாமான்களைச் சேர்த்திருந்த பிரிவின்கீழ் 40 விழுக்காடு வரி கேட்டார்கள்; 1928இல் நீதிமன்றம் பிரான்குசிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகுதான் அது கலை என்று சட்டப்படி நின்றது. கண்ணுக்குத் தெரியும் வடிவம் மட்டும் போதாத இத்தகைய படைப்புகளில் வாங்கிய ரசீது, கண்காட்சிப் பதிவு, கலைஞரின் அறக்கட்டளை தரும் சான்று ஆகியவைதான் மதிப்பைத் தாங்குகின்றன. சுவிட்சர்லாந்துச் சிற்பி ஜாக்கொமெட்டியின் ‘சுட்டும் மனிதன்’ என்ற வெண்கலச் சிற்பம் 2015இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 14 கோடி டாலருக்கும் மேல் போனது என்றால், அந்த வார்ப்பு யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறு ஐயமின்றித் தெரிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். கண்ணாடியில் கை பழகி, ஆவணங்களைப் படிக்கவும் பழகிய பிறகு, முழுப் படைப்புப் பட்டியல் வெளிவந்துள்ள ஒரு கலைஞரின் சிறிய வார்ப்பிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.

கண்ணாடியிலும் ஆவணத்தை முதலில் பார்க்க வேண்டிய ஒரு வகை உண்டு, அது அகழ்வில் கிடைத்த ரோமானியக் கண்ணாடி. மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்ததால் மேற்பரப்பு ஏடு ஏடாக உரிந்து வானவில் நிறம் காட்டும் அந்தச் சிறு தைலக் குடுவைகள் மிக அழகானவை. பலர் நினைப்பதைவிடக் குறைந்த விலைக்கும் கிடைக்கின்றன. ஆனால் அவை எந்த நாட்டிலிருந்து, எப்போது, எப்படி வெளியே வந்தன என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பண்பாட்டுச் சொத்துகளைச் சட்டவிரோதமாகக் கடத்துவதைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் ஏற்பட்டது. அந்த ஆண்டுக்கு முன்பே பொருள் மற்றொரு நாட்டின் சேகரிப்பில் இருந்ததற்கான எழுத்துச் சான்றைத்தான் அருங்காட்சியகங்களும் பொறுப்புள்ள சேகரிப்பாளர்களும் கேட்கிறார்கள். ‘பழைய தனியார் சேகரிப்பு’ என்ற ஒற்றை வரியை நான் சான்றாக ஏற்பதில்லை. ஆண்டு குறித்த ரசீதோ, பழைய ஏலப் பட்டியலின் பக்கமோ, புகைப்படமோ காட்டப்படாவிட்டால், குடுவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு ஏலம் கேட்காமல் பட்டியலின் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறேன்.