பூட்டிக் கிடந்த அஞ்சலகம்

வணக்கம் அம்மா. நவி மும்பை ஐரோலியில் வேலை பார்க்கிறேன்; ஊர் சங்கரன்கோவில் பக்கம். சென்ற மாதம் ஒரு பிற்பகலில் எங்கள் ஊர் அஞ்சலகம் பூட்டிக் கிடந்ததைக் கண்டேன். கடிதமே எழுதாத கைப்பேசிக் காலத்தில் இது இயல்பான முடிவுதானா? அந்தச் சிவப்புப் பெட்டியையாவது நினைவுச்சின்னமாகக் காக்கலாமா?
கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

பெட்டியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊர்ப்பாசம் புரிகிறது. ஆனால் பிற்பகலில் எட்டிப் பார்த்துவிட்டு இரங்கல் எழுத உட்காருவது என்ன நியாயம்? உங்கள் ஊரில் இருப்பது போன்ற கிளை அஞ்சலகம் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமே இயங்கும்படி வகுக்கப்பட்டது.

தாராவியில் நான் வளர்ந்த தெருவில், தோல் வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர்கள் மாதந்தோறும் மணியார்டர் படிவத்தை என்னிடம் நீட்டுவார்கள். செய்திக்கென இருந்த துண்டில் "நலம், மாட்டை விற்க வேண்டாம்" என்ற அளவுக்கே இடமிருக்கும். அவர்கள் காத்திருந்தது பதில் கடிதத்துக்கு அன்று. தாயின் கைநாட்டோடு திரும்பிவரும் ஒப்புகைச் சீட்டுக்கு. 1880இல் தொடங்கிய அந்தச் சேவையின் இடத்தைக் கைப்பேசி பெருமளவு பிடித்துக்கொண்டது உண்மைதான். ஆயினும் கைப்பேசியை இயக்கத் தெரியாத மூதாட்டியிடம் வாசலிலேயே விரல்ரேகை பெற்றுப் பணம் கொடுப்பவர் இன்றும் அஞ்சல்காரர்தாம். 2018இல் தொடங்கிய அஞ்சல் வங்கி அவரை நம்பியே கிராமத்துக்குள் நுழைந்தது.

நாட்டின் 1,60,000க்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது கிராமங்களில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்தும் ஜி.டி.எஸ். எனப்படும் கிராமிய அஞ்சல் ஊழியரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் என்னை எரிச்சலூட்டுகிறது. கிளை அஞ்சலக அதிகாரியாகச் சேர்பவர் அலுவலகத்துக்கான இடத்தைத் தாமே தர வேண்டும். பிழைப்புக்கு வேறு வருமானமும் வைத்திருக்க வேண்டும் என்பது நியமன நிபந்தனை. 2018 ஊதியத் திருத்தத்தில் நான்கு மணி நேரப் பணிக்கு அவருக்குக் கிடைத்த தொடக்கத் தொகை 12,000 ரூபாய். இத்தகைய ஊழியர் வகிப்பது அரசின் குடிமைப் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. இருந்தும், 65 வயதில் வெளியேறும் அவருக்கு முழுநேர ஊழியருக்குரிய ஓய்வூதியம் இல்லை. அரைநேர ஊழியர் என்ற இந்த ஏற்பாடு கைப்பேசிக்கு வெகுகாலம் மூத்தது, ஐயா.

அடுத்த முறை காலையில் போய் உங்கள் அம்மா பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். கிளையில் நடக்கும் வேலையை அளந்துதான் அந்த அதிகாரிக்கு நான்கு மணி நேரப் பணியா, ஐந்தா என்று துறை முடிவு செய்கிறது.